விசா இல்லாமல் டென்மார்க்!

அக்காவுக்கு நாற்பதாவது பிறந்த நாள். "ஏதாவது ஐரோப்பிய ஊருக்குப் போலாம்டா" என்றாள். கையில் இருப்பதோ சனி, ஞாயிறு! ஷெங்கன் விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் தேடவே அது போதாது.

மயிலாப்பூரிலேயே ஐரோப்பா உண்டு சார்! போர்ச்சுக்கீசியரின் லஸ் சர்ச் கல்வெட்டில் 1516 என்றிருக்கிறது. 'லஸ்' என்றால் அவர்கள் பாஷையில் வெளிச்சம். ஆனால், நான் தினமும் ஆபீஸ் போகிற வழியில் கேக் வெட்டினால் அக்கா என்னை வெட்டிவிடுவாள்.

கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டை, டச்சுக் கல்லறைகள். பிறந்த நாளும் அதுவுமாகக் கல்லறையா? கேன்சல்.

பாண்டிச்சேரி? பிரெஞ்சு வீதிகள் ஜோர்தான். ஆனால், சனிக்கிழமையானால் பாதி தி.நகர் அங்கேதான் நிற்கிறது.

மிச்சம், தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதியோடு 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்து கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, கடலைப் பார்த்து நிற்கிறது. சீகன்பால்கு தமிழில் பைபிள் அச்சடித்த ஊர். 1845-ல் ஊரையே இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

சுற்றிப் பார்க்க அரை நாள் போதும். அதுதான் விசேஷம்! அவள் அடையாறு, நான் மயிலாப்பூர். கல்யாண பந்திகளைத் தவிர நாங்கள் உட்கார்ந்து பேசி வருஷக் கணக்காகிறது. மீதி ஒன்றரை நாளும் அதற்குத்தான்.

எழும்பூரில் ரயில், மயிலாடுதுறையில் பஸ். பாஸ்போர்ட் பீரோவிலேயே தூங்கட்டும்!