மருந்து போட்டாச்சு

ஹலசூரு, ஸ்ரீராமபுரம், விவேக் நகர் என்று பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் எந்தப் பகுதியிலும் அநேகமாக எல்லா வீட்டிலும் அது இருக்கும். ஃப்ரிட்ஜின் தலையில், இல்லாவிட்டால் டி.வி. ஸ்டாண்டின் மூலையில், பாதி நசுங்கிய ஒரு டியூப். யாருக்காக, எதற்காக, எந்த டாக்டர் எழுதித் தந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. பையன் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் சரி, பாட்டியின் கையில் எண்ணெய் தெறித்தாலும் சரி, அதுதான். தடவிய கையோடு ஒரு வாக்கியம் வரும்: "மருந்து போட்டாச்சு." கவலை அத்தோடு முடிந்துவிடுகிறது. சில சமயம் வில்லங்கம் ஆரம்பமாவதும் அங்கேதான்.

ஹலசூருவில் வசிக்கும் அந்தப் பெரியவருக்கு 62 வயது. தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 14 வருடங்களாகச் சர்க்கரை. புதுச் செருப்பு வாங்கி ஏரிக்கரையில் நடக்கப் போனதில் வலது கால் சுண்டு விரல் ஓரம் கொப்புளித்து, தோல் உரிந்தது. வீட்டு டியூபை எடுத்துத் தாராளமாகப் பூசி, பழைய வேட்டித் துணியால் சுற்றிக்கொண்டார். தினமும் தவறாமல் இதே சிகிச்சை. ஒன்பதாம் நாள், நர்சிங் ஹோம் ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கும் மருமகள், பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்த தாய் வீட்டிலிருந்து திரும்பினார். துணியில் இருந்த கறை அவர் கண்ணில் பட்டது.

"என்ன மாமா, கால்ல கட்டு?"

"ஒண்ணுமில்லம்மா. செருப்பு கடிச்சிருச்சு. மருந்து போட்டுட்டுத்தான் இருக்கேன்."

"வலிக்குதா?"

"துளிகூட இல்ல."

மருமகள் பயந்தது அந்தக் கடைசிப் பதிலைக் கேட்டுத்தான். பல வருடச் சர்க்கரை, பாதத்து நரம்புகளை மெல்ல மெல்ல மரத்துப் போக வைக்கிறது. டாக்டர்கள் இதைச் சோதிக்கச் சாதாரண நைலான் இழை ஒன்றை வைத்திருக்கிறார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழை பாதத்தில் படுவது தெரியவில்லை என்றால் காவல்காரன் தூங்கிவிட்டான் என்று பொருள். வலிக்காத புண் ஆறுகிற புண் அல்ல. குரல் கொடுக்க முடியாத புண்.

டியூபை வாங்கிப் பார்த்த மருமகளுக்கு இரண்டாவது அதிர்ச்சி. அது காயத்துக்கான மருந்தே அல்ல. வீட்டில் யாருக்கோ வந்த அரிப்புக்காக வாங்கியது. ஸ்டீராய்டும், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் எதிரான மருந்துகளும் சேர்ந்த கலவை. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும். கூடவே புதுத் தோல் வளர்வதையும், கிருமியோடு உடம்பு நடத்தும் சண்டையையும் மந்தமாக்கும். மேலுக்குப் புண் சாதுவாகத் தெரிய, உள்ளே சீழ் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்றே காலைக் காட்டினார்கள். டாக்டர் ரத்த ஓட்டம் பார்த்தார், எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார், செத்த தோலை வெட்டி எடுத்தார், மாத்திரை தந்தார், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, புண் மீது பாரம் விழாத செருப்பைப் போட வைத்தார். விரல் பிழைக்கப் பத்து வாரம் ஆயிற்று. இந்தச் சிகிச்சையில் களிம்பின் பங்கு மிகச் சிறியது என்பதுதான் குடும்பத்துக்குக் கிடைத்த பாடம்.

இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் முகம் வெளுக்க, படை போக என்று இஷ்டத்துக்கு விற்பனையாவதைத் தோல் மருத்துவர்கள் பல வருடங்களாக எதிர்த்து வந்தார்கள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் கொண்டுவந்தது. லேபிளில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு மருந்து. அந்தக் கோட்டை யாரும் பார்ப்பதில்லை.

புண்ணை ஆற்றுவது உண்மையில் உடம்புதான். களிம்பு அதற்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்கிற எடுபிடி. காற்றுப் பட்டுக் காய்ந்தால் சீக்கிரம் ஆறும் என்று நம்பியிருந்த காலத்தில், 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதனை செய்தார். பாலிதீன் படலத்தால் மூடி ஈரப்பதம் காத்த காயங்களில், திறந்து விட்ட காயங்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்தது. சுத்தமான சின்னச் சிராய்ப்புக்கு வெறும் வாஸ்லின் போதும் என்று பல டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

முறை எளிது. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிறகு காயத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் மண், தூசி போகும்வரை கழுவ வேண்டும். இதற்கு ஈடான களிம்பு கிடையாது. ஸ்பிரிட்டையோ, தண்ணீர் கலக்காத டெட்டாலையோ ஊற்றினால் கிருமியோடு நல்ல திசுவும் சாகும். சுற்றியுள்ள ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, சுத்தமான காஸ் துணியில் களிம்பை எடுத்து மெல்லிசாகத் தடவ வேண்டும். டியூபின் வாய் புண்ணில் படக் கூடாது. பட்டால் கிருமி டியூபுக்குள் குடியேறும். மேலே புது காஸ் வைத்துக் கட்டி, தினம் ஒரு தடவையோ நனைந்த உடனேயோ மாற்ற வேண்டும். பழைய களிம்பின் மேல் புதுக் களிம்பு போடக் கூடாது, கழுவிவிட்டுத்தான் அடுத்தது.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம் உண்டு. தீக்காயத்துக்கு எழுதித் தரும் சில்வர் சல்ஃபாடையசின், சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் பேறுகாலம் நெருங்கிய பெண்களுக்கும் ஆகாது. போவிடோன் அயோடினைப் பெரிய காயத்தில் பல நாள் போட்டால் அயோடின் உடம்பில் ஏறும். தைராய்டு நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நியோமைசின் பலருக்கு அரிப்பையும் கொப்புளத்தையும் கிளப்பும்; புண் ஆறவில்லை என்று இன்னும் அதிகமாகத் தடவுவார்கள், அரிப்பு இன்னும் கூடும். சர்க்கரைப் புண்ணுக்கென்று 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெகாப்ளெர்மின் ஜெல்லை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மெல்லிசாகப் பூசி, 12 மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும். புற்றுநோய் உள்ள இடத்தில் போடவே கூடாது.

'நம்ம மஞ்சள் இருக்க இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏடுகளை ஆதாரம் காட்டி வாதாடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. பெருமைதான். ஆனால் அந்த வெற்றி, அது நம் பழைய அறிவு என்பதற்குக் கிடைத்தது. அஞ்சறைப் பெட்டியில் ஈரக் கரண்டி புரளும் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டது என்பதற்கு அல்ல.

டியூபைத் தேடவே கூடாத நேரங்களும் உண்டு. தீ பட்டால் முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். ஐஸும் பற்பசையும் இங்கும் வேண்டாம். காயம் பெரிது என்றால் நேரே ஆஸ்பத்திரி. 1900இல் திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனையில் மகாபோதி தீக்காயப் பிரிவு தனியாகவே இருக்கிறது. துருப்பிடித்த ஆணி குத்தினால் மேலே பூசும் எதுவும் டெட்டனஸைத் தடுக்காது, ஊசிதான் தடுக்கும். தெரு நாய் கடித்தால் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் ஆகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. ரேபிஸ் ஆய்வுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம் இதே ஊரில் நிம்ஹான்ஸில் இயங்குகிறது. நோய் குணம் காட்டத் தொடங்கிவிட்டால் அநேகமாக யாராலும் காப்பாற்ற முடியாது.

சாதாரணக் காயம் இரண்டு மூன்று நாளில் தேறிக்கொண்டு வர வேண்டும். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, நாற்றம், காய்ச்சல், கறுப்பு நிறம் தெரிந்தாலோ டியூபை மாற்றிப் பயனில்லை. டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரைக்காரர்களின் பாதத்தில் புண் என்றால் இந்த இரண்டு நாள் அவகாசமும் கிடையாது. அன்றே காட்ட வேண்டும். அவர்கள் ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பாதத்தின் அடிப்பக்கம், விரல் இடுக்கு எல்லாம் பார்த்துக்கொள்வது நல்லது. குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்லலாம். இரண்டு நிமிட வேலை. எந்தக் களிம்பும் இதைச் செய்து தராது.