விமான வாசலில் நிற்பவர்

2024ஆம் ஆண்டு சனவரி இறுதியில், சுதந்திர தின விழாவுக்கான ஒத்திகை கொழும்பு காலிமுகத்திடலில் நடந்தபோது, வானிலிருந்து இறங்கிய பரசூட் வீரர் நால்வர் காயமடைந்தனர் என்றும், குடைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதே காரணம் என்றும் பத்திரிகைகளில் படித்த நாள்முதல், எல்லையின்றி விரிந்து கிடக்கும் ஆகாயத்தில் மனிதனுக்கு மனிதன் எவ்வாறு இடையூறாகிறான் என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலாதிருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, விடை சொல்லத்தக்க மனிதர் ஹந்தானை மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்து லயமொன்றில், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார் என்று கூறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை அழைத்துச் சென்றார்.

முப்பது வயதைக் கடந்த இளைஞர் அவர். தந்தை கவ்வாத்து வெட்டியவர். தாயார் இன்னும் கொழுந்து கூடையை இறக்கி வைக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாகனப் பட்டறையில் வேலை பழகி, பின்னர் ஏஜென்சி ஒன்றின் வழியாகத் துப்புரவுத் தொழிலாளியாக வளைகுடா சென்ற இவர், வான்குதிப்பு நிலையமொன்றில் தரை துடைத்துக்கொண்டே, பக்கத்தில் பரசூட் மடிப்பவர்களின் கைகளைக் கவனித்துக் கவனித்து, அந்தத் தொழிலையே கற்றுக்கொண்டார். பறக்கத் தகாதென்று ஒதுக்கப்பட்ட பழைய குடையொன்றை ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். அதைத் தோட்டத்துப் பிள்ளைகள் விளையாடும் மைதானத்தில் விரித்து, எங்கள் கண்முன்னே மடிக்கத் தொடங்கினார்.

கயிறுகளைத் தோளில் ஏந்தி, துணியின் மடிப்புகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, அந்தப் பெரும் துணியைச் சிறு பைக்குள் அவர் அடக்கிய விதத்தை நான் முற்றும் விளங்கிக்கொண்டேன் என்று சொல்லமுடியாது. ஆனால் இறுதியில் அவர் கையாண்ட, விரல் அகலமுள்ள ஒரு நைலான் நாடா என் கண்ணை விட்டு நீங்கவில்லை. பையின் நான்கு மடல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மூடி, அவற்றின் துளைகள் வழியே ஒரு சிறு நூற்கண்ணியை அந்த நாடாவினால் மேலே இழுத்து, வளைந்த ஊசியை அக்கண்ணியில் செருகியபின், நாடாவை ஊசியின் அடியாக மெல்ல, மிக மெல்ல உருவியெடுத்தார். வேகமாக இழுத்தால் உராய்வின் சூட்டில் கண்ணி நைந்துபோகும். நாடா உள்ளேயே தங்கிவிட்டால், வேண்டிய நேரத்தில் பை திறவாமற் போகவும் கூடும். உருவிய நாடாவை விரலில் சுற்றி எங்களிடம் காட்டிய பிறகுதான் எழுந்தார். வேலைத்தலத்திலும், யார் பார்த்தாலும் பாராவிட்டாலும், அவ்வாறு உயர்த்திக் காட்டுவது வழக்கமாம்.

என் கேள்வியைக் கேட்டேன். ஒரு குச்சியை எடுத்து, ஈரமண்ணில் நீண்ட கோடொன்றைக் கீறினார். விமானம் ஏறக்குறைய 4,000 மீற்றர் உயரத்தில் செல்லும் பாதை அது. வயிறு கீழ்நோக்கக் குதிப்பவர் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவான வேகத்தில் நேர்கீழாக விழுந்து, ஒரு நிமிடத்துக்குள் குடையை விரிக்கும் உயரத்தை அடைந்துவிடுவார். ஆனால் கைக்கும் உடலுக்கும் இடையிலும், இரு கால்களுக்கு நடுவிலும் துணிச் சிறகு தைத்த விங்சூட் அணிந்தவரோ, அதிற் பாதிக்கும் குறைந்த வேகத்தில் இறங்கி, ஒரு மீற்றர் தாழ்வதற்குள் இரண்டு மீற்றருக்கும் மேலாக முன்னோக்கிச் சென்று, இரண்டு நிமிடங்களுக்கும் அதிகமாக வானில் திரிவார். ஒரே வாசலில் புறப்பட்டு, ஒருவர் கீழ்நோக்கியும் ஒருவர் குறுக்காகவும் செல்லும்போது, முன்னமே குடை விரித்து அசைந்து இறங்கிக்கொண்டிருக்கும் மற்றொருவர்மீது சிறகு விரித்தவர் வந்து மோதுவது அசாத்தியமன்று.

“வேகத்துக்கு நாங்க பயப்படுறதில்ல ஐயா. எந்தப் பக்கம் திரும்புவார்னு தெரியாத ஒருத்தர் மேல இருந்தா, அதுக்குத்தான் பயம்” என்றார்.

கண்டியில் பிறந்தவர்களுக்கு, அந்தப் பயத்தைப் போக்கும் ஒழுங்கு புதிதன்று. எசல பெரஹராவில் சாட்டை வீசுவோர் முன்னே செல்ல, பந்தம் சுழற்றுவோரும் கொடி ஏந்துவோரும் மேளகாரரும் யானைகளும் தத்தம் இடம் பிசகாமல் வருவதனாலேயே, அந்தக் குறுகிய வீதிகளில் நெருப்பும் களிறும் ஜனத்திரளும் ஒன்றாக நடமாட முடிகிறது. ஆகாயத்திலும் அவ்வாறே ஒரு வரிசை உண்டு. குழுவாக விழுவோர் முதலிலும், மாணாக்கரும், ஆசிரியரோடு பிணைத்துக் கட்டப்பட்ட பயணிகளும் பின்னரும், விங்சூட் அணிந்தோர் எல்லோருக்கும் கடைசியிலும் வெளியேறுவார்கள். வெளியேறும் கணத்தில் சிறகை விரித்தால் விமானத்தின் வாலில் அடிபடக்கூடுமாகையால், சற்றே விழுந்த பின்னரே அதை விரிப்பார்கள். உடனே விமானப் பாதையை விட்டு ஒரு பக்கமாக விலகி, அதற்கு இணையாகத் திரும்பி வந்து, மற்றவர்களின் குடைகளுக்குத் தூரமான, முன்பே பேசிவைத்த இடத்தில் தங்கள் குடையைத் திறப்பார்கள். அமெரிக்க பரசூட் சங்கம், 200 முறையேனும் சாதாரணமாகக் குதித்தவரே இச்சட்டையை அணியலாம் என்று விதித்திருப்பதும் காரணத்தோடுதான்.

வரிசை மட்டும் போதாது. 2018 ஜூலையில், பிரான்சின் தென்மேற்குப் பகுதியில், விங்சூட் அணிந்து குதித்த ஒருவரை, அவர் குதித்த அதே விமானத்தின் சிறகு ஏறக்குறைய 20 விநாடிகளில் தாக்கிக் கொன்றது. எல்லோரும் குதித்தபின் விமானம் விரைந்து கீழே திரும்புவது வழக்கம். மெதுவாக இறங்குகிறவர் அப்போது அதன் வழியிலேயே இருக்கக்கூடும். குதிக்குமுன் விங்சூட் அணிந்தவர்களோடு விமானி கலந்து பேசவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. பின்னர் அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. இரண்டொரு வார்த்தைகள் தரையிலேயே பேசப்பட்டிருந்தால், ஓர் உயிர் நிலைத்திருக்கக்கூடும் என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

அந்த வார்த்தைகளைப் பேசுவிக்கும் பணிதான் நம் ஹந்தானை இளைஞருடையது. மடிப்பு வேலை குறைந்த வேளைகளில் விமான வாசலில் நின்று, பெயர்களைச் சரிபார்த்து, சிறகுச் சட்டைக்காரர் ஒவ்வொருவரிடமும் இடமா வலமா என்று கேட்டு, அதை விமானியிடம் உரக்கச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லும்வரை விலகாமல் நிற்கிறார். இதற்குத் தனி ஊதியம் ஏதுமில்லை. மடித்த குடைக்கு இவ்வளவு என்பதே கணக்கு. தாயாருக்குக் கிலோக் கணக்கு. மகனுக்குக் குடைக் கணக்கு.

அதிலும் முதலிரண்டு வருஷச் சம்பாத்தியம் ஏஜென்சிக்காரருக்கே போயிற்று. தாயாரின் நகையை அடகு வைத்துக் கொடுத்த தொகைக்கு ரசீதுகூட இல்லை. பிறர் உழைப்பின் வாசலில் நின்று சுங்கம் வசூலிக்கும் இவர்கள், விசாவின் ஒரு வரியைக்கூட அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதில்லை. கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனாளியாகக் கடல் கடந்த ஒரு சமூகத்தின் பேரப்பிள்ளைகள், இன்னொரு கங்காணிக்கு முன்பணம் கட்டி இன்னொரு கடல் கடப்பதைப் பொறுத்துக்கொண்டிருப்பது நமக்கு இழிவு. கூலியாட்களாக அல்ல, தொழில் தெரிந்தவர்களாகவே அப்பிள்ளைகள் செல்ல வேண்டும். அதற்கான கல்வியை மலையகத்துப் பாடசாலைகள் கொடுக்க வேண்டும்.

அவர் இப்போது பரசூட் பழுதுபார்ப்போருக்கான உரிமப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். ஆங்கிலக் கையேட்டின் கடினமான அத்தியாயங்களை விடுமுறை முடியும்வரை சொல்லிக்கொடுக்க நண்பர் இசைந்திருக்கிறார். இம்முறை ஏஜென்சியை விலக்கி, நிலையத்தாரோடு நேரே ஒப்பந்தம் செய்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு செல்வதாக அவர் சொன்னார். ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வாசித்துப் பார்க்க என்னிடமும் தந்திருக்கிறார்.