பழைய கருவியும் ஒரு கீறலும்

பாலக்காட்டில் ரயிலேறி வாளையாற்றைக் கடந்தால் கோவை. அங்கே வெரைட்டி ஹால் சாலையைக் காணுந்தோறும் சாமிக்கண்ணு வின்சென்ட் நினைவுக்கு வருவார். ரயில்வே ஊழியரான அவர், 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் பழைய படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கொட்டகையிட்டுப் படம் காட்டினார். 1914-இல் வெரைட்டி ஹாலைக் கட்டினார்.

நானும் கோவையில்தான் ஒரு பழைய 8 மில்லிமீட்டர் புரொஜெக்டர் வாங்கினேன். மூணாறு தேயிலைத் தோட்டத்தில் தந்தையார் எடுத்த ஒரே படச்சுருள் எங்கள் குடும்பச் செல்வம். அதில் என் தாயார் சிரித்தபடி நடந்து வருகிறார். ஆவல் மிகுதியால் கருவியைச் சோதியாமலே சுருளை ஓட்டினேன். விளக்கின்முன் சுருள் ஓடும் வாயிலில் ஒட்டியிருந்த தூசி, தாயாரின் முகத்தின்மீது நெடுங்கோடு கிழித்துவிட்டது.

அன்பர்களே! பழங்கருவி வாங்கினால் முதலில் வேண்டாத துண்டுச் சுருளை ஓட்டிப் பாருங்கள். கோடு விழுந்தால் வாயிலை மென்துணியால் துடையுங்கள், இரும்பால் சுரண்டாதீர்கள். 1965-இல் வந்த சூப்பர் 8 சுருளின் துளைகள் வேறு. பழைய 8 கருவியில் அதனை ஏற்றலாகாது. தளர்ந்த சுருளின் நுனியை இழுத்து இறுக்காதீர்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று உரசிக் கீறிக்கொள்ளும்.

கருவி பழுதுற்றால் வேறொன்று வாங்கலாம். அந்த முகத்தை எந்தக் கடையில் வாங்குவது?