மச்சி, நீ தமிழ்லயே பேசு!

பீகார், ஒடிசா, அஸ்ஸாம்னு எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒருத்தராவது உங்க கிளாஸ்ல இருப்பாங்க. அவங்க திக்கித் திணறி தமிழ்ல ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா, நாம என்ன பண்றோம்? பாதியிலேயே இங்கிலீஷுக்குத் தாவிடறோம். உதவி பண்றதாத்தான் நமக்கு நினைப்பு. ஆனா அந்தப் பக்கம் அது, "உனக்கு இது வராது, விட்டுடு"ன்னுதான் கேட்கும்.

எங்க ரூம்மேட் ஒருத்தன் ஒடிசாக்காரன். ரெண்டரை வருஷத்துல நாங்க பேசற கிசுகிசு வரைக்கும் அவனுக்குப் புரியும். வாயை மட்டும் திறக்க மாட்டான். முதல் செமஸ்டர்ல 'வாழைப்பழம்' சொல்லப் போய், மொத்த மெஸ்ஸும் சிரிச்ச சிரிப்பு அப்படி.

என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு கொல்லிமலை போனோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸுல பாதிப் பேர் அவுட்! அரியூர் நாட்டுல வீடு வீடா போய், என்ன பயிர் வைக்கிறாங்கன்னு எழுதறது எங்க வேலை. (அங்கே 'நாடு'ன்னா ஊராட்சி. மலையில மொத்தம் 14 நாடு. அங்குள்ள பழங்குடி மக்களுக்கு மலையாளின்னு பேரு; கேரளாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, மலைவாசிங்கன்னு அர்த்தம், பேசறது தமிழ். எங்க கோட்டயம் நண்பன் ஆசையா மலையாளத்துல ஆரம்பிச்சு பல்பு வாங்கினது தனிக்கதை.)

ஒரு வீட்டுத் திண்ணையில பாட்டி ஒருத்தங்க சாமை புடைச்சுட்டிருந்தாங்க. நம்மாளு போய், "பாட்டி, இது என்னடா?"ன்னான். அவன் தமிழ் கத்துக்கிட்டது ஹாஸ்டல்ல ஆச்சே, எல்லாமே 'டா'தான்! கூட வந்தவன் ஒருத்தன் சட்டுனு குறுக்கே பூந்து பேச, பாட்டி கையமர்த்திட்டாங்க. "நீ சும்மாரு தம்பி. அந்தப் புள்ளையே கேக்கட்டும். சொல்லு சாமி." அவங்களுக்கு இங்கிலீஷும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. அதனால தப்பிச்சு ஓட ரெண்டு பேருக்குமே வழியில்லை. அரை மணி நேரம் பேசினாங்க. "டா இல்ல சாமி, 'ங்க'ன்னு சொல்லோணும்"னு நடுவுல ஒரு திருத்தம், அவ்வளவுதான். சாமை, மிளகு, பலான்னு அவன் நோட்டுல ரெண்டு பக்கம் நிரம்பிடுச்சு.

இதே மலையில இதைவிடப் பெரிய கதை உண்டு. லண்டனிலிருந்து வந்த ஈவ்லின் பிராண்ட், 1913-ல் கணவர் ஜெஸ்ஸியோட இங்கே மிஷனரியா குடியேறினாங்க. 1929-ல் கணவர் காய்ச்சல்ல இறந்த பிறகும் அந்தம்மா இந்தியாவை விடலை. 1974-ல் 95 வயசுல சாகிற வரைக்கும் மலைமக்களோடதான் பெரும்பாலான காலம். தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சு உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் பிறந்த அவங்க மகன்தான். மலைக் குடிசையில காய்ச்சல்காரரை விசாரிக்க இலக்கணப் புத்தகம் மட்டும் போதுமா, சொல்லுங்க?

பிரிட்டன்ல இருக்கிற வேல்ஸ்லயும் இதே தலைவலிதான். 2021 கணக்குப்படி வெல்ஷ் மொழி பேசத் தெரிஞ்சவங்க சுமார் 5,38,000 பேர். 2050-க்குள்ள பத்து லட்சமாக்கணும்னு அரசாங்கம் குறி வச்சிருக்கு. ஆனா அங்கே எல்லாருக்குமே இங்கிலீஷ் தெரியும். கத்துக்குட்டி ஒருத்தர் தடுமாறினா, எதிர்ல இருக்கறவர் உடனே இங்கிலீஷுக்கு மாறிடுவார். அதுக்குத்தான் ஆரஞ்சு கலர்ல ஒரு பேட்ஜ் வச்சிருக்காங்க. 'என்கிட்ட வெல்ஷ்ல பேசலாம்'னு அர்த்தம். கத்துக்கறவங்களுக்கும் தனி பேட்ஜ் உண்டு. நம்ம காலேஜுக்கு அடிச்சுக் கொடுத்தா நான் முதல்ல குத்திக்குவேன்!

நம்ம ஊர்ல சிக்கல் இன்னொண்ணு. புத்தகம் "எங்கே செல்கிறீர்கள்"னு சொல்லித் தருது. பஸ் ஸ்டாண்டுல "எங்க போறீங்க"தான் ஓடுது. அதனால புத்தகத்தை அப்புறம் கொடுங்க. ழகரத்தை அதுக்கும் அப்புறம் பாத்துக்கலாம். 'ங்க' மட்டும் முதல் நாளே கட்டாயம், இல்லேன்னா ஹெச்.ஓ.டி.கிட்ட 'டா' போட்டுடுவாங்க! இன்னிக்கு சாயங்காலம் டீக்கடைக்குப் போறப்ப அவங்களையே முன்னாடி அனுப்புங்க. ஆர்டரும் அவங்களே சொல்லட்டும், பாக்கிச் சில்லறையும் அவங்களே கேட்கட்டும். எவ்வளவு நேரமானாலும் நீங்க பின்னாடி நின்னு பஜ்ஜியை மட்டும் கவனிங்க.