‘விடு’ன்னா விடணும்

போடி பக்கத்துல இருக்கிற கோம்பை ஊர் பேரிலேயே ஒரு நாட்டு நாய் இனம் உண்டு. வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. எங்க மணியும் கோம்பைதான். போடிமெட்டுக்கு மேல, ஏலக்காய்த் தோட்டத்துல அப்பாவோட சுத்தும். அங்க பூச்சிமருந்து டப்பா ஏதாவது கிடந்து, அதைக் கவ்வினா உயிருக்கே ஆபத்து. பிடுங்கப் போனா விளையாட்டுன்னு நினைச்சு இன்னும் இறுக்கும், துரத்தினா ஓடும்.

அதனால பண்டமாற்று. முதல்ல வீட்டுல, பழைய பந்தோட. மூக்குக்கிட்ட ஒரு துண்டு முட்டை, வாய் திறக்கிறப்போ ‘விடு’, உடனே முட்டை. பந்தையும் திருப்பிக் கொடுத்துடுவேன். விட்டா நஷ்டமில்லைன்னு அதுக்குப் புரியணும்ல? அப்புறம், முட்டையைக் காட்டாம வெறும் சொல் மட்டும்.

போன மாசம் தோட்டத்துல நிஜமாவே மருந்து டப்பா. ‘விடு’ன்னேன். விட்டுடுச்சு. டிபன்ல இருந்த முட்டையை முழுசாக் கொடுத்தேன். நாய்கிட்ட கடன் வைக்கக் கூடாது.