மழலைக்கு ஒரு வட்டில்

சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மன் சந்நிதிக்கு அடியார்கள் ஏந்திவரும் அக்னிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் மண்ணால் ஆனவை. நேர்த்திக்கடன் நிறைவேறியதும் அவற்றின் பணி முடிந்துவிடுகிறது. வீட்டில் அன்றாடம் உண்ணும் கலமோ அத்தகையதன்று. மூன்று வேளை உணவென்று கொண்டால், ஒரு குழந்தை தன் வட்டிலின் முன் ஆண்டில் 1,000 முறைக்கு மேல் அமர்கிறது. ஆயினும் பூசைப் பாத்திரம் வாங்கக் கடை கடையாய் ஏறி இறங்கும் நாம், பிள்ளையின் தட்டைக் கண்ணில் பட்ட நிறத்துக்காக வாங்கிவிடுகிறோம்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வாழையிலைக்குக் குறைவில்லை. சின்னமனூர்ப் பக்கம் தோட்டந்தோறும் வாழைதான். விருந்துக்கு இலையினும் தூயது வேறில்லை. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை இலையைச் சோற்றோடு இழுத்து மடியில் போட்டுக்கொள்ளும்!

முந்தைய தலைமுறைக்கு வெண்கலக் கும்பா இருந்தது. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்துக்குப் பூச்சு வேண்டியதில்லை. பித்தளைக்கு வேண்டும்; இல்லாவிடில் புளியும் மோரும் களிம்பேற்றிவிடும். அவ்வாறு பூசுவதை நாம் ஈயம் என்று சொன்னாலும் அது வெள்ளீயமே. காரீயம் சிறிது கலந்தாலும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. நம்பத்தக்க கைவினைஞர் தெருவில் வருவது அருகிவிட்டதால், பித்தளையைப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

என் பேரனுக்கு நான்கு வயது. சென்ற ஆண்டு பீங்கான் கிண்ணம் ஒன்று அவன் கைநழுவி உடைந்தது. காயம் ஏதுமில்லை, எவரும் கடிந்துகொள்ளவும் இல்லை. ஆயினும் அடுத்த சில நாட்கள் அவன் கிண்ணத்தைத் தொடாமல், ஊட்டிவிடும்படி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அன்னத்தைத் தெய்வமென்று சொல்லித்தரும் இல்லத்தில், பிள்ளை அன்னத்தின் முன் அஞ்சி நிற்பது என் நெஞ்சை உறுத்தியது. "அத்தை, விழுந்தாலும் உடையாத தட்டாகப் பார்ப்போம்" என்றாள் மருமகள்.

உடையாதவற்றுள் முதலில் கண்ணைக் கவர்ந்தது மெலமைன். பொம்மை வரைந்த அழகிய தட்டுதான். ஆனால் சூடும் புளிப்பும் சேர்ந்தால் அதிலிருந்து வேதிப்பொருள் சிறுகச் சிறுகக் கசியும். கொதிக்கும் ரசமில்லாத பகலுணவு நம் வீட்டில் ஏது? ஆகவே எவர்சில்வரே எஞ்சியது. இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்வதால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. 304 என்ற வகையில் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் உண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 வகை விலை மலிவு. உப்பும் புளிப்பும் நாளடைவில் அதை எளிதில் கறைப்படுத்தும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பது கடைவீதி நம்பிக்கை. இவ்விரண்டிலுமே காந்தம் ஒட்டுவதில்லை என்பதால் அச்சோதனை இங்கே உதவாது. அடியில் பொறித்த எண்ணைப் பார்ப்பதும், எழுத்தில் ரசீது கேட்பதுமே வழி.

எண்ணைவிட முக்கியமானது விளிம்பு. அது உள்ளே சுருட்டி மடித்ததாக இருக்கவேண்டும். விரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்தே வாங்கினோம். ஓரம் சற்று உயர்ந்திருந்தால் பிள்ளை தானே சோற்றைத் திரட்டி எடுக்க இயலும். எவர்சில்வரின் ஒரே குறை, சூட்டைக் கைக்குக் கடத்துவது. பாலுக்கும் ரசத்துக்கும் இரட்டைச் சுவர் கொண்ட கிண்ணம் வாங்கியதால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

எச்சில்பட்ட மண்கலத்தை விலக்கிவிடவேண்டும், உலோகக் கலத்தையோ சாம்பலும் புளியும் நீரும் கொண்டு தூய்மையாக்கலாம் என்பது பழைய ஆசாரம். நைவேத்தியப் பாத்திரம் மட்டும் எங்கள் வீட்டில் எப்போதும் தனி. "அம்மனுக்குத் தனித் தட்டா?" என்று கேட்ட பேரன், தன் தட்டும் தனியென்று அறிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இப்போது தட்டு நாள்தோறும் ஒருமுறையேனும் தரையில் உருண்டு ஓசையெழுப்புகிறது. அவன் சிரித்துக்கொண்டே எடுத்துவருகிறான். பாத்திரக் கடையில் அதில் அவன் பெயரையும் வெட்டித் தந்தார்கள். பேத்திக்கு வைகாசியில் காதுகுத்து. தாய்மாமன் சீரில் தோட்டோடு, விளிம்பு மடித்த கனமான வட்டில் ஒன்றும் இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறோம்.