அப்டேட்டுக்கு அப்புறம் எந்திரிக்காத கம்ப்யூட்டரும் 170/100 பிரஷரும்



இன்னிக்கு சுகர், கொழுப்பு எதுவும் இல்ல. அப்டேட் ஓடின பிறகு ஆன் ஆகாத கம்ப்யூட்டரைப் பத்தி எழுதுறேன். "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. கீழ வரும்.

முதல்ல ஒரு பெரிய கேஸ். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. எங்க சுந்தரபாண்டியபுரத்துக்கு சூரியகாந்தி பார்க்க வர்ற கூட்டம் கேமராவும் கையுமா வயல்ல நிக்கிற மாசம். அன்னிக்குக் காலையில நம்ம நேரப்படி 9.39-க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு குட்டி அப்டேட்டை அனுப்பியது. 10.57-க்கு அதை நிறுத்தி மாற்றிவிட்டது. நடுவுல 78 நிமிஷம்தான். மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோட படுத்துடுச்சு. நம்ம விமான நிலையங்கள்ல கையால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்த படத்தைப் பார்த்திருப்பீங்க. இங்கிலாந்துல குடும்ப மருத்துவர்கள் பலர் பேப்பருக்கும் பேனாவுக்கும் திரும்பினாங்க.

என்ன கோளாறு? அந்த மென்பொருள் கையில இருந்தது 20 தகவல். புதுசா வந்த கோப்பு 21-வதைக் கேட்டது. 20 படுக்கை உள்ள வார்டுல "21-ம் படுக்கைக்கு ஊசி போடுங்க"ன்னு கேஸ் ஷீட்டுல எழுதின மாதிரி. இல்லாத இடத்தைப் படிக்கப் போய் மெஷின் விழுந்தது.

சாதாரண ஆப் ஒண்ணு இப்படித் தடுமாறினா அது மட்டும் மூடிக்கும். கை முறிஞ்சா ஆள் சாகிறதில்லையே. ஆனா இது உட்கார்ந்திருந்த இடம் கெர்னல். நம்ம உடம்புல மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கிற முகுளம் மாதிரியான இடம். அங்க தப்பு நடந்தா, மேற்கொண்டு சேதம் ஆகக் கூடாதுன்னு விண்டோஸ் தானே நின்னுடும். அதுதான் நீலத்திரை. திரும்ப ஆன் பண்ணினா அதே கோப்பு மறுபடி ஏறும், மறுபடி விழும்.

வைத்தியம் ரொம்பச் சின்னது. சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழிக்கணும். அவ்வளவுதான். சேஃப் மோடுன்னா என்னன்னு கேட்டா, ஒன்பது மாத்திரை சாப்பிடுற பெரியவர் மயக்கமா வந்தா, உயிருக்கு அவசியமானதை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை நிறுத்திப் பார்ப்போமே, அதுதான். ஆனா ஒவ்வொரு மெஷின் முன்னாலயும் ஒரு ஆள் உட்கார்ந்து கையால செய்யணும். அதனாலதான் சில இடங்கள்ல நாள்கணக்கா இழுத்தது.

இங்க ஒண்ணைக் கவனிங்க. அத்தனை மெஷின் விழுந்ததே, உள்ள இருந்த ஃபைல்கள் அப்படியேதான் இருந்தது. எந்திரிக்கலைங்கிறது வேற, செத்துப்போச்சுங்கிறது வேற.

இப்ப அந்த பிரஷருக்கு வர்றேன்.

போன ஆடியில நம்மகிட்ட வழக்கமா வர்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருத்தர் வந்தார் (அவர் சம்மதத்தோடதான் எழுதறேன்). எப்பவும் 130/80 தாண்டாத மனுஷன். அன்னிக்கு 170/100. பத்து நிமிஷம் உட்கார வெச்சுப் பார்த்தாலும் அதேதான். மாத்திரை விடலை. ஊறுகாய், கருவாடு எதுவும் இல்ல.

"தூக்கம் எப்படி சார்?"

"மூணு நாளாச்சு டாக்டர் தம்பி."

அவரோடது பழைய லேப்டாப், பேட்டரி போனது. அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது சாரல் காத்துல கரண்ட் போயிருக்கு. அப்புறம் லோகோ வரும், வட்டம் சுத்தும், திரும்ப முதல்ல இருந்து. கடையில கொண்டுபோனா, "ஃபார்மேட் போட்டாதான் சரியாகும், உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்"னு சொல்லிட்டாங்க. உள்ள இருந்தது பேரன் காதுகுத்து வீடியோ. அதுல அவர் சம்சாரம் பேசுறாங்க. அவங்க தவறி ரெண்டு வருஷம். அந்தக் குரல் வேற எங்கயும் இல்ல.

கால் ஆணிக்குக் காலை எடுக்கச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. "சார், யாரையும் தொட விடாதீங்க"ன்னு சொல்லிட்டு, சீசனுக்கு லீவுல வந்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். பெங்களூருல மென்பொருள் வேலை.

லோகோ வருது, ஃபேன் ஓடுது, அப்ப நாடி இருக்குன்னான். லோகோ வர்றப்போ பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சான். இப்படி மூணு தடவை. அடுத்த தடவை பழுதுபார்க்கும் திரை தானா வந்தது. உள்ள போனதும் மெஷின் கேட்டது: 48 இலக்க ரெகவரி கீ.

சார் முகம் விழுந்துடுச்சு. தம்பி கேட்டான், "மொதல்ல இதை யாரு செட் பண்ணிக் கொடுத்தா சார்?" தோஹாவுல இருக்கிற மகன், அவரோட மெயில் ஐ.டி.யில. போன் போட்டோம். கீ அந்தக் கணக்குலயே இருந்தது. ஆறு ஆறு இலக்கமா எட்டுத் தொகுப்பு. மகன் படிக்க, அப்பா டைப் பண்ணினார். முப்பது வருஷம் டிக்டேஷன் சொன்னவர் அன்னிக்கு டிக்டேஷன் எழுதினார், ஒரு இலக்கமும் பிசகாம.

அப்புறம் கடைசியா வந்த அப்டேட்டை நீக்கச் சொன்னான். கால் மணி நேரம் வட்டம் சுத்துச்சு. திறந்துச்சு. சார் வீடியோவைப் போடப் போனார். தம்பி விடலை. "மொதல்ல காப்பி, அப்புறம் பாருங்க."

அடுத்த வாரம் 136/84. மாத்திரையை நான் மாத்தவே இல்ல. (ஒரு நாள் ரீடிங்கைப் பார்த்துட்டு நீங்களா டோஸைக் கூட்டாதீங்க. அதே சமயம் 180/120 தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குளறலோ இருந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.)

உங்க வீட்டுல இப்படி ஆனா, முதல்ல பொறுங்க. அப்டேட் சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஓடும், பதறி அணைக்காதீங்க. பிரின்டர், பென்டிரைவ் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரு தடவை பாருங்க. பழுதுபார்க்கும் திரையில ஸ்டார்ட்அப் ரிப்பேர், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் ரெண்டும் உங்க ஃபைலைத் தொடாது. "ரிமூவ் எவ்ரிதிங்"னு ஒண்ணு வரும், அதுல கையை வைக்காதீங்க. எதுவுமே வேலை செய்யலைன்னாலும், பென்டிரைவ்ல இருந்து லினக்ஸை ஓட்டி ஃபைல்களை வெளிய எடுக்க முடியும். ரெகவரி கீ கையில இருக்கணும், டிஸ்க் உடம்பு நல்லா இருக்கணும், அவ்வளவுதான். கடைக்காரர்கிட்ட "முதல்ல டேட்டாவை எடுத்துக் கொடுங்க, அப்புறம் ஃபார்மேட்"னு கறாரா சொல்லுங்க.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சதால நிறைய பேர் 11-க்கு மாறிட்டு இருக்கீங்க. மாறின பிறகு ஒத்துவரலைன்னா பழசுக்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். புது லேப்டாப் பலதும் டிஸ்க்கைத் தானே பூட்டி வெச்சிருக்கும், உங்ககிட்ட சொல்லக்கூட சொல்லாது. அந்தச் சாவி யார் மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்குன்னு இன்னிக்கே பார்த்து, ஒரு தாள்ல எழுதி ரேஷன் கார்டு இருக்கிற பையில வைங்க. லேப்டாப் பைக்குள்ள மட்டும் வைக்காதீங்க.

சந்தேகம் இருந்தா கேளுங்க. பிரஷர்னா நான் சொல்றேன், மத்ததை அந்தத் தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்.